மாறுகண் டிரைவ்

புரட்டாசி 10, திங்கள்

வெயில். காற்று அடியோடு நின்றுவிட்டது. மலைப்பக்கம் மேகம், பேச்சுக்கு.

இன்று காலை 10.40க்கு, ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது: மூன்றாம் மிஷினின் பி டிரைவை (இரண்டாவது ஃப்ளாப்பி டிரைவ்) ஆயுத பூஜைக்குள் சரிசெய்வது. முன்னிலை: மேனேஜர், ஆபரேட்டர் ஸ்டெல்லா, அறைப் பொறுப்பாளன் என்ற முறையில் நான். மூவரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். எதிர்ப்பு இல்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவின் குற்றம் மாறுகண். தான் எழுதிய ஃப்ளாப்பியை மட்டும் படிக்கும். மற்ற மிஷின்கள் எழுதியதைப் படிக்காது. அது எழுதியதை மற்றவை படிக்கமாட்டா. வாங்கிய நாளிலிருந்து இப்படி. மில் வேலைக்கு யாரும் அதைத் தொடுவதில்லை.

மேனேஜர்: "ஓடாத மிஷினுக்கு நாம சந்தனம் வைக்கிறதே கிடையாது சார். ஒரு ஸ்பிண்டில் நின்னாக்கூட சரிபண்ணிட்டுத்தான் பொட்டு. கம்ப்யூட்டர்னா மட்டும் என்ன, மாப்பிள்ளையா?"

ஸ்டெல்லா: "மூணு வருசமா அது இப்படித்தான் சார் முழிச்சுக்கிட்டு இருக்கு. இப்பத்தான் சாமி கண்ணுல பட்டுச்சாக்கும்."

ஸ்டெல்லாவுக்கு ஊர் மம்சாபுரம். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் இந்த அறையில் சந்தனப்பொட்டு வைக்கிற வேலை அவளுடையது. வட்டமாக வருவது அவளுக்குத்தான். "பாஸ்டர் கேட்டா, மிஷினுக்குப் பவுடர் போட்டேன்னு சொல்லிக்கிடுதேன்" என்பாள்.

வாங்க: சந்தனம், குங்குமம், பஞ்சு, ஸ்பிரிட், எலுமிச்சை 6. எனக்குக் கிராம்புத் தைலம் (கடைவாய்ப் பல்).

மாறுகண் என்று அந்த டிரைவுக்குப் பெயர் வைத்தவன் என் மகன் முரளி. "தான் எழுதுனதை மட்டும்தான் படிக்கும், எங்கப்பா மாதிரி" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறான். இன்றுதான் வாய் தவறிச் சொன்னாள். சொல்லிவிட்டு பிரிண்டர் ரிப்பனைக் கழற்றி, திரும்ப மாட்டினாள். ரிப்பன் புதிது.

அவன் போய் ஐந்து மாதம்.

புரட்டாசி 12, புதன்

வெயில். பல் வலி.

மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஜெபராஜ். ஆசிலாஸ்கோப்பை (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி) பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்து சீட்டுக் கிழவர், டி.வி. பெட்டியா தம்பி, இதில் ஒளியும் ஒலியும் வருமா என்று கேட்டிருக்கிறார்.

அவர் சொல்லிப் புரிந்தது: ஃப்ளாப்பியில் நாற்பது தடங்கள், வட்டத்துக்குள் வட்டமாக. படிக்கிற தலை ஒவ்வொரு தடத்துக்கும் நேர் நடுவில் நிற்கவேண்டும். நம்முடையது முடியளவு விலகி நிற்கிறது. விலகியே எழுதும், விலகியே படிக்கும். தன்னளவில் ஒரு குறையும் தெரியாது. (இப்படிப்பட்ட மனிதர்களை அறிவேன். ஒருவருக்குத் தினமும் நானே சவரம் செய்கிறேன்.)

திருகாணியில் கை வைக்கும் முன் கேட்டார்: "இதுல எழுதுன பழைய ஃப்ளாப்பி எதுவும் கெடக்கா சார்? இருந்தா இப்பமே சொல்லிருங்க, காப்பி எடுத்துக்கிட்டுத்தான் தொடுவேன். பொறவு படிக்காது."

"மில் ஃப்ளாப்பி ஒன்றுகூட இல்லை" என்றேன். உண்மை.

ஒரு சோதனை ஃப்ளாப்பியைப் போட்டார். ஆசிலாஸ்கோப் திரையில் பச்சையாக இரண்டு இலை. பூனைக்கண் என்பார்களாம். இடது கண் சிறிது, வலது பெரிது. மோட்டாரின் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, தட்டி, நகர்த்தி, இரண்டையும் சமமாக்கினார். இறுக்கினார். இனி நகராமலிருக்கத் திருகாணித் தலையில் சிவப்பு அரக்கு.

"இப்பப் பாருங்க, ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல."

ஸ்டெல்லா கை தட்டினாள். நான் கையெழுத்து போட்டேன்.

புரட்டாசி 15, சனி

புரட்டாசிச் சனி. மலைக்குப் போகிற கூட்டம். பஸ்ஸில் வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, ஒற்றைக்காலில். குடையைத் தொலைத்தேன்; மழை இல்லாததால் வருத்தம் பாதி.

வீட்டில் மனைவி தங்கம் இன்று பேசியவை: "சாப்பிடுங்க." "மோர் இருக்கு." "லைட்ட அமத்திரவா." மூன்று. நேற்று இரண்டுதான்.

புரட்டாசி 16, ஞாயிறு

தங்கம் முரளியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஐந்து மாதத்தில் முதல் முறை.

"ஒரு வருசத்துக்கு நமக்குப் பண்டிகை கிடையாது, சரி. பூஜை வேண்டாம். அவன் புஸ்தகத்தத் தூசி தட்டி அடுக்கி வைக்கிறதுக்கு யாருகிட்டக் கேக்கணும்?"

யாரிடமும் கேட்க வேண்டாம் என்றேன்.

பெட்டியில்: கல்லூரிப் புத்தகம் 9. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் பாஸ், புகைப்படத்தில் எண்ணெய் வழியும் முகம். வரைபடப் பலகை. ஒரு சட்டை, தங்கம் எடுத்துக்கொண்டாள். மடித்த கதைத்தாள்கள். ஒரு ஃப்ளாப்பி, காகித உறையில். உறைமேல் அவன் கையெழுத்து: "பி-யில் மட்டும்."

கதைத்தாள்களை நான் பிரிக்கவில்லை. பின்பக்கம் சிவப்பு மை ஊறித் தெரிந்தது. என் பேனா.

நடந்ததை இதுவரை எங்கும் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன். தை மாதக் கடைசி. முரளி ஒரு கதை எழுதி என்னிடம் தந்தான். எட்டுப் பக்கம், ஓரத்தில் துளை போட்ட கம்ப்யூட்டர் தாளில். கடைசி டிரிப் பஸ்ஸின் கண்டக்டர், வராத ஒரு ஆளுக்காக விசில் ஊதாமல் நிற்கிறார், அவ்வளவுதான் கதை. சிவப்பு மையில் திருத்தினேன். என் மைத்துனர் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. "எப்படிப்பா இருக்கு?" என்றான் முரளி. "தாள் நல்ல தாள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக அமைந்த வாக்கியம், எனக்கே திருப்தி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, அவனே வருவான் என்றிருந்தேன். ஆனால் ஞாயிறுதோறும் என்னுடன் மில்லுக்கு வந்தான். பஸ்ஸில் இரண்டு சீட்டுத் தள்ளி. அவன் உள்ளே மூன்றாம் மிஷினில். நான் வெளியே பேப்பரோடு. ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சித்திரையில் மூளைக்காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கடைசி இரண்டு நாளும் நினைவில்லை அவனுக்கு.

தங்கம் ஃப்ளாப்பியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே. இதுலயா எழுதிவச்சிருக்கான்?"

"இதில்தான். உள்ளே பிளாஸ்டிக் வட்டு. அதன்மேல் இரும்புத் துருவைப் பொடியாக்கிப் பூசியிருக்கிறார்கள்."

"துருவா? துருவுல போயி எழுதுவாங்களா?"

சொன்னேன். துருப்பொடி முழுக்கச் சின்னச் சின்னக் காந்தங்கள். எழுதும்போது டிரைவின் தலை அவற்றை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும். படிக்கும்போது அதே தலை மேலே நிற்கும், கீழே வட்டு சுற்றும். காந்தம் திசை மாறும் இடம் வந்தால் தலையில் இம்மியளவு மின்சாரம் எழும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் எழுத்தாக்குகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மை கிடையாது.

உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அவன் திருப்பி வச்சதெல்லாம் திருப்பி வச்சபடியே இருக்கும்."

"இருக்கும். வேறு காந்தம் பக்கத்தில் போகாதவரை. ரேடியோ ஸ்பீக்கர்கூட ஆகாது."

எழுந்து போய், ரேடியோவை அறையிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்தாள். ஃப்ளாப்பியைப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்தாள். பிறகு:

"நாளைக்குக் கொண்டுபோயி வாசிச்சிட்டு வாங்க. உங்ககிட்டதான் மிஷின் இருக்கே."

அப்போதுதான் புதன்கிழமை நினைவு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 17, திங்கள்

பி டிரைவில் போட்டேன். படிக்கவில்லை. ஏ டிரைவ், இல்லை. மற்ற இரண்டு மிஷின்கள், இல்லை. மறுபடி பி. மொத்தம் பதினேழு முறை.

ஒவ்வொரு முறையும் மிஷின் மூன்று வழி சொல்லி, எது என்று கேட்கிறது: கைவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாமல் விடு. தை மாதம் என் முன்னும் இதே மூன்றுதான் இருந்தன. அப்போது யாரும் திரையில் எழுதிக் காட்டவில்லை.

ஸ்டெல்லா உறையைப் பார்த்துவிட்டாள். "இது முரளி தம்பி எழுத்துல்லா சார்." கொஞ்சம் கழித்து, "புதன்கெழமை அந்த மனுசன் கேட்டாரே சார்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண்.

விளங்கியது இதுதான்: அவன் எழுதியது முடியளவு விலகிய தடத்தில். டிரைவ் இப்போது நேராக நிற்கிறது. வட்டில் ஒரு துகள்கூட மாறவில்லை. பார்க்கிற கண்தான் திருத்தப்பட்டுவிட்டது.

வீட்டில், "கரண்ட் இல்லை" என்றேன். "பகல் முச்சூடுமா?" என்றாள். ஆம் என்றேன்.

புரட்டாசி 18, செவ்வாய்

எஸ்.டி.டி. பூத். மூன்றாவது முயற்சியில் ஜெபராஜ் கிடைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சார், நேராக்கத்தான் எனக்குச் சொல்லித் தந்திருக்காங்க. கோணலாக்க யாரும் சொல்லித் தரலையே."

"பழைய கோணல் எவ்வளவு என்று குறித்து வைத்தீர்களா?"

"கெட்டுப்போனதோட அளவை எவன் சார் குறிச்சு வைப்பான்? எடது கண்ணு சின்னதா இருந்துச்சு, அம்புட்டுதான் ஞாபகம். வெள்ளிக்கெழமை வாரேன். எனக்கும் ஒரு பையன் இருக்கான்."

பூத்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். பல்வலி என்று நினைத்திருப்பார்.

தங்கத்திடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வெள்ளிக்கெழமை எத்தன மணிக்கு வாராக அவிய?" என்று மட்டும் கேட்டாள்.

புரட்டாசி 21, வெள்ளி

வெயில். மேற்கே இடி, வெறும் சத்தம்.

ஜெபராஜ் 10 மணிக்கு வந்தார். தான் வைத்த அரக்கைத் தானே உடைத்தார். ஸ்டெல்லா விசைப்பலகையில், அவர் திருகாணியில், நான் நாற்காலியில், பயனற்று.

அரை முடி நகர்த்துவார். "அடிம்மா." அவள் மறுபடி முயற்சிக்கான விசையை அடிப்பாள். படிக்கவில்லை. இன்னும் அரை முடி. "அடி." இல்லை.

"ஏம்மா, உன் கை ராசி எப்படி?"

"பத்தாங்கிளாஸ் கணக்குல ரெண்டு தடவ போச்சு சார்."

"அப்ப மூணாவது தடவ வரும். அடி."

12.20க்கு, எத்தனையாவது என்று எண்ணவில்லை, பட்டியல் வந்தது. ஃப்ளாப்பியில் இரண்டே கோப்பு. ஆங்கில எழுத்தில் பெயர்கள்:

கதை: 14,592 எழுத்து.
அப்பா: 3,968 எழுத்து.

இரண்டாவதின் தேதி காய்ச்சலுக்கு முந்திய ஞாயிறு.

ஸ்டெல்லா எழுந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. நீயே அடி என்றேன்.

வட்டில் 512 எழுத்து ஒரு துண்டு. முதல் துண்டு வந்தது. இரண்டாவதில் பிழை. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறான். தமிழில் மாற்றி இங்கே வைக்கிறேன், ஓரெழுத்தும் திருத்தாமல்:

"அப்பா, நீங்க வெளிய உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்க. முக்கா மணி நேரமா அதே பக்கம். கண்ணாடிக் கதவுல தெரியுது. நான் உள்ள என்ன அடிக்கேன்னு நீங்க கேக்க மாட்டீங்க. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். தாள் நல்ல தாள்னு சொன்னீங்க. அது உங்க மில்லுத் தாள்தான். அன்னைக்குச் சிரிப்பு வரல, இப்ப வருது. அந்தக் கதையத் திருப்பி எழுதிட்டேன். நீங்க செவப்பு மை போட்ட எடம் பதினொண்ணு. ஒவ்வொண்ணா பாத்தேன். அதுல ஒம்பது நீங்க சொன்னது சரி, மாத்திட்டேன். மத்த ரெண்டை மாத்த மாட்டேன். பிடிவாதம் இல்ல. ஏன்னா அந்த ரெண்டு எடத்துலயு"

மாலை நான்கு வரை முயன்றார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கதைக் கோப்பையும் கேட்டுப் பார்த்தோம்; ஒரு துண்டும் கூடுதலாக வரவில்லை. மூன்றேமுக்காலுக்கு முதல் துண்டும் வராமல் போயிற்று. டிரைவின் தலையைப் பஞ்சால் துடைத்துக் காட்டினார். பஞ்சில் பழுப்பு.

"தல உரசி உரசிப் பூச்சு உதிருது சார். இனிச் சுத்தவிட்டா இருக்கிறதும் போயிரும்."

போதும் என்றேன். காசு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஸ்டெல்லா அந்தப் பஞ்சைக் குப்பையில் போடாமல் ஒரு உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள்.

புரட்டாசி 22, சனி

நேற்று வந்ததைத் தங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன்னா?" என்றாள். அதற்குமேல் இல்லை என்றேன். "ஏன்னா என்னங்க?" என்றாள் மறுபடியும்.

கதைத்தாள்களை எடுத்துச் சிவப்பு மை இடங்களை மட்டும் எண்ணினேன். பதினொன்று. பையன் சரியாக எண்ணியிருக்கிறான். எந்த ஒன்பது, எந்த இரண்டு என்பது தெரியவில்லை.

ஓரக் குறிப்புகள், என் கையெழுத்தில்: "தேவையற்ற வரி." "யார் இந்த ஆள்?" "ஏன் காத்திருக்கிறார்? தர்க்கம் எங்கே?" "இழுவை."

பல் பிடுங்கியாயிற்று. இரத்தம் நின்றுவிட்டது.

புரட்டாசி 28, வெள்ளி, ஆயுத பூஜை

மில்லில் மாவிலை, வாழைக்கன்று, பொரி. பூமாலைகளெல்லாம் வாடாமல் இருக்கக் காலையிலேயே கம்ப்யூட்டர் அறை ஏ.சி.யில். மல்லிகை வாசனையில் பிரிண்டர். நான் பூஜையில் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பேப்பர் படிக்கிற நாற்காலியில். அங்கிருந்து மூன்றாம் மிஷின் நன்றாகத்தான் தெரிகிறது.

ஸ்டெல்லா பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பி டிரைவுக்கு வந்ததும் கை நின்றது.

மேனேஜர்: "என்னாச்சு? அதான் சரிபண்ணியாச்சே."

"மறுபடி கோணலாக்கிட்டோம் சார்" என்றாள்.

"யாரு ஆக்குனது?"

"நாங்கதான் சார். ஒரு வேல இருந்துச்சு."

மேனேஜர் திரும்பிக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "சரி, இருக்கட்டும். அதுக்கு மட்டும் பொட்டு வேண்டாம். மத்ததுக்கு வை" என்றார். பொரி கொடுக்க வந்தபோது என் தோளில் கை வைத்தார்.

வீட்டில் பூஜை இல்லை. தங்கம் முரளியின் புத்தகங்களைப் பலகைமேல் அடுக்கியிருந்தாள். மேலே கதைத்தாள்கள், அதற்கு மேல் ஃப்ளாப்பி. சந்தனமில்லை, விளக்கில்லை. இன்று எதையும் படிக்கக்கூடாது என்ற விதியை மட்டும் கடைப்பிடித்தோம். பேப்பர்கூடப் பிரிக்கவில்லை.

புரட்டாசி 29, சனி, விஜயதசமி

காலையில் குளித்துவிட்டு வந்தால், தங்கம் கதைத்தாள்களை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னைக்கு ஒரு வரியாவது வாசிக்கணும். எனக்குக் கேக்க வாசிங்க."

ஒரு வரி போதாது என்றாள். எட்டுப் பக்கமும் வாசித்தேன். என் சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு, அவன் நீல எழுத்தை மட்டும். அவள் இந்தக் கதையைக் கேட்பது இதுவே முதல் முறை. தை மாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் படியில் நிற்கிறார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பயணிகள் ஏசுகிறார்கள். ஆள் வரவில்லை. விசில் அவர் வாயிலேயே இருக்கிறது. அங்கே முடிகிறது.

தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லாத்தான இருக்கு. இதுல எங்கங்க தப்பு?"

தாளைப் பார்த்தேன். பதினொரு இடங்கள், எல்லாவற்றிலும் என் கையெழுத்து, தெளிவாக.

"தெரியவில்லை" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் புத்தகம் பற்றி அவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"பொறவு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள் என்பதற்காகச் சொன்னேன் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "காப்பி ஆறுது" என்றாள்.

ஐப்பசி 2

மழை. பஸ் அரை மணி தாமதம். புதுக் குடை.

ஜெபராஜ் வந்தார். பி டிரைவ் நேராக்கப்பட்டது. சிவப்பு அரக்கு. ஸ்டெல்லா விட்டுப்போன பொட்டை வைத்தாள். மில் ஃப்ளாப்பிகள் நாற்பதையும் போட்டுப் பார்த்தோம். நாற்பதையும் படிக்கிறது.